பால் எங்கே போச்சு? இத்தாலிக் காபி வகைகள் பற்றி ஒரு பேச்சு

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



இன்றைக்குப் பேசப்போவது காபி பற்றி. "காபி போடத் தெரியாத பொம்பளை யாரு இங்க இருக்கா, இதுக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க அக்கா. இது நம்ம வீட்டுக் காபி இல்லை. இத்தாலி நாட்டுக் காபி.

போன மாதம் இதே ஹாலில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். கல்லூரி வளாகத்தில் நம்ம குழு எடுத்து நடத்தும் காபிக் கவுண்டரின் முதல் மாத வரவு செலவை வாசித்தோம். நாள் ஒன்றுக்கு 9 லிட்டர் பால் போதும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. வாங்கியது 15 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்து, 24 நாளைக்கு 8,640 ரூபாய் கூடுதல் செலவு. லாபம் என்று நினைத்தது அப்படியே பாலில் போய்விட்டது. "மீதி ஆறு லிட்டர் பால் எங்கே போச்சு?" என்று ஒரு குரல் கேட்டது. "கவுண்டர்ல அஞ்சு பேர் நிக்கறாங்க, ஆளுக்கு ஒரு லிட்டர் வீட்டுக்குப் போனா கணக்கு சரியாத்தானே வருது" என்று இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள். அந்த ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை.

எட்டு வருடமாக ஒரு தவணை தவறாத குழு அது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், நாங்களும் அவங்களைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டோம். அதில் மூத்த அக்கா சொன்னது இன்னும் மறக்கவில்லை: "பொழுதன்னிக்கும் பாலை ஊத்தி ஊத்திக் கொடுக்கறோம் மேடம். எங்க போகுதுன்னு எங்களுக்கே தெரியலை. ஆனா வீட்டுக்குப் போகலை."

அதற்குப் பிறகு மூன்று நாள், காலை முதல் மாலை வரை, ஒரு லிட்டர் அளவுக் குவளையும் நோட்டும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பால் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு. அதைச் சொல்ல வேண்டும் என்றால் எஸ்பிரஸோ, கப்புச்சினோ, லாட்டே என்ற பெயர்களெல்லாம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கும் அது சரியாகத் தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினையின் வேர்.

சொன்னால் சிரிப்பீங்க. 2012-இல் சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது நாங்கள் மூன்று தோழிகள் ஒரு பெரிய காபிக் கடைக்குள் போனோம். விலைப் பட்டியலில் எது குறைவு என்று தேடினால் 'எஸ்பிரஸோ' என்று இருந்தது. மூன்று கொடுங்க என்று சொன்னோம். பொம்மைக் கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு கப், அதில் பாதிக்கு ஏதோ கறுப்பாக வந்தது. ருசி பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள் போல என்று குடித்துவிட்டு, "காபி எப்பங்க வரும்?" என்று கேட்டோம். அந்தப் பையன் எங்களைப் பார்த்த பார்வை! அதுதான் காபி. அதோடு முடிந்தது.

அந்தக் குட்டிக் கப்தான் எல்லாவற்றுக்கும் தாய். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மெனுவில் இருக்கும் இத்தனை பெயருக்கும் அடியில் இருப்பது ஒரே எஸ்பிரஸோ. அதன் மேல் எவ்வளவு பால், எவ்வளவு நுரை என்பதில்தான் பெயர் மாறுகிறது.

நம்ம ஃபில்டரில் என்ன செய்கிறோம்? தூளைப் போட்டு, கொதி தண்ணீர் ஊற்றி, மூடி வைக்கிறோம். தண்ணீர் தன் கனத்தில் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கால் மணி, அரை மணி ஆகும். இத்தாலிக்காரர்கள் அதே வேலையை 25 நொடியில் முடிக்கிறார்கள். எப்படி? தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். குக்கரில் வெயிட் தூக்கும்போது உள்ளே இருக்கிற அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் அளவு. எஸ்பிரஸோ மெஷினில் 9 பார். அதாவது குக்கரைப் போல ஒன்பது மடங்கு. அந்த வேகத்தில் சூடான தண்ணீர், நைசாக அரைத்து அமுக்கி வைத்த தூளுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இத்தாலியில் எஸ்பிரஸோவுக்கென்றே 1998-இல் ஒரு நிறுவனம் தொடங்கி அளவு வகுத்தார்கள்: தூள் 7 கிராம், தண்ணீர் 88 டிகிரி, நேரம் 25 நொடி, கப்பில் விழுவது 25 மி.லி. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ரொம்ப இல்லை. 25 மி.லி. என்றால் எவ்வளவு? குழந்தைக்கு மருந்து கொடுக்கிற 5 மி.லி. மூடியில் ஐந்து மூடி. அவ்வளவுதான்.

நம்ம கவுண்டரில் இது 40 நொடி ஓடிக்கொண்டிருந்தது. "நிறைய வரட்டும், பாவம் காசு கொடுக்கறாங்க" என்று நம்ம அக்கா விட்டுவைத்திருந்தார். நல்ல மனசுதான். ஆனால் 25 நொடிக்கு மேல் வருவதில் கசப்புதான் அதிகமாக இறங்கும். காபியும் தண்ணியாகிவிடும்.

இந்த மெஷின் வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறோம். 1884-இல் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொரியோந்தோ என்பவர் நீராவியால் காபி எடுக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே நேரத்தில் நிறையப் பேருக்குப் போடுகிற மெஷின் அது. 1901-இல் மிலான் நகரத்தில் லூயிஜி பெட்செரா ஒவ்வொரு கப்பாகப் போட்டுத் தரும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை தெசிதேரியோ பவோனி வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவை நீராவி அழுத்தத்தில் ஓடியவை, குக்கரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சூடு அதிகமாகி காபி கருகின வாசம் அடிக்கும்.

அதை மாற்றியவர் அகில்லே கஜ்ஜா. மிலானில் காபி பார் நடத்தியவர். 1938-இல் ஒரு புது முறைக்குக் காப்புரிமை கேட்டார். பிறகு உலகப் போர் முடிந்து, 1940-களின் கடைசியில் கைப்பிடியை இழுத்து விட்டால் உள்ளே உருளை தள்ளுகிற மெஷின் கொண்டுவந்தார். நீராவியை நம்பாமல், தண்ணீரையே அழுத்தித் தள்ளுகிற வேலை. அப்போதுதான் காபியின் மேல் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு நிற்க ஆரம்பித்தது. 'க்ரேமா' என்கிறார்கள். பால் கலக்காமலேயே வருகிற ஏடு. முதலில் பார்த்தவர்கள் இது என்ன அழுக்கு நுரை என்று சந்தேகப்பட்டார்களாம். அவர் சளைக்காமல் "இது காபியிலிருந்தே வரும் இயற்கையான க்ரீம்" என்று எழுதி வைத்தே விற்றார். இன்றைக்கு அது இல்லை என்றால் எஸ்பிரஸோவே இல்லை என்கிறார்கள். 1961-இல் ஃபாயேமா கம்பெனியின் ஈ61 என்ற மெஷினில் மின்சாரப் பம்பு வந்தது. கையால் இழுக்கிற வேலையும் போனது. நம்ம கவுண்டரில் இருப்பது அந்த வழியில் வந்த மெஷின்தான்.

இங்கே இன்னொன்று சொல்லியாக வேண்டும். இத்தாலியில் காபிச் செடி வளர்த்து விற்பனைக்கு ஆகாது, குளிர் நாடு. கொட்டை எல்லாம் வெளியே இருந்து வாங்குவதுதான். இந்தியக் காபியை அதிகமாக வாங்கும் நாடுகளில் பல வருடங்களாக முதல் இடம் இத்தாலிக்கு. கர்நாடகம், கேரளம், அடுத்தபடியாகத் தமிழ்நாடு. அந்த க்ரேமா நன்றாக நிற்க இத்தாலிக்காரர்கள் ரொபஸ்டா கொட்டையும் கலப்பார்கள், இந்திய ரொபஸ்டாவுக்கு அதனால் அங்கே நல்ல மதிப்பு. நம்ம உறுப்பினர்களில் மலைக்குக் காபிப் பழம் பறிக்கப் போய் வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். தோட்டத்தில் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டுவதெல்லாம் பெரும்பாலும் பொம்பளைங்க கை. அந்தக் கை பறித்த கொட்டை இத்தாலிக்குப் போய், இப்போது பேர் மட்டும் திரும்பி வந்து நம்மை மிரட்டுகிறது!

அங்கே காபிக் கடைக்குப் பேரே 'பார்'. பயப்பட வேண்டாம், சாராயக் கடை மட்டும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைந்து, நின்றபடியே எஸ்பிரஸோவைச் சர்க்கரை கலக்கி இரண்டு மூன்று மடக்கில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டம் உள்ள பல கடைகளில் முதலில் காசு கட்டி ரசீது வாங்கி, அதைக் கவுண்டரில் காட்ட வேண்டும், நம்ம ஓட்டல் டோக்கன் மாதிரி. நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் அதிக விலை. அங்கே "ஒரு காபி" என்று கேட்டாலே எஸ்பிரஸோதான் வரும். பால் வேண்டும் என்றால் தனியாகப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்போது பாலுக்கு வருகிறோம். இங்கேதான் நம்ம ஆறு லிட்டர் இருக்கிறது.

மக்கியாத்தோ என்று ஒன்று. அந்த வார்த்தைக்கு 'கறை பட்டது' என்று அர்த்தம். எஸ்பிரஸோ மேல் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் பால் நுரை. கறுப்புக் காபியில் பால் கறை. ஒரு லிட்டர் பாலில் அறுபது எழுபது மக்கியாத்தோ போடலாம்.

அடுத்தது கப்புச்சினோ. கப்புச்சின் சபைத் துறவிகள் போடுகிற பழுப்பு அங்கியின் நிறத்தில் இருப்பதால் அந்தப் பேர் வந்தது. இதற்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். 25 மி.லி. எஸ்பிரஸோ, 100 மி.லி. பால். அந்தப் பாலை நீராவியில் நுரைக்க வைத்தால் 125 மி.லி. அளவுக்குப் பொங்கும். மொத்தம் 150 மி.லி., அதற்கேற்ற கப். ஒரு லிட்டரில் பத்து கப்புச்சினோ. இத்தாலிக்காரர்கள் இதைக் காலை நேரத்தில் மட்டும்தான் குடிப்பார்கள். பதினொரு மணிக்கு மேல், அதுவும் சாப்பாடு முடிந்த பிறகு, யாராவது கப்புச்சினோ கேட்டால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வயிறு நிறைய சாப்பிட்ட பிறகு அவ்வளவு பால் செரிக்காது என்பது அவர்கள் எண்ணம். நாம் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் பால் காபியைத் தேடுவோம், அது வேறு விஷயம்.

லாட்டே என்றால் இத்தாலி மொழியில் வெறும் பால். அங்கே போய் "லாட்டே கொடுங்க" என்று கேட்டால் ஒரு கிளாஸ் பாலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 'கஃபே லாட்டே' என்று முழுசாகச் சொன்னால்தான் பால் காபி. அது அங்கே பெரும்பாலும் வீட்டுக் காபி. 1933-இல் வந்த பியலெத்தி மோக்கா பாத்திரத்தை அடுப்பில் வைத்து டிகாக்ஷன் எடுத்து, சூடான பால் நிறைய ஊற்றி, ரொட்டியோ பிஸ்கட்டோ முக்கிச் சாப்பிடுவார்கள். நம்ம வீட்டுக் காலைக் காபிக்கு அண்ணன் தம்பி மாதிரி. இந்த வீட்டுக் காபியைப் பெரிய பெரிய கப்பில் போட்டு 'லாட்டே' என்று ஊர் ஊராக விற்றது அமெரிக்கக் கடைகள். ஸ்டார்பக்ஸ் கம்பெனியைப் பெரிதாக்கிய ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983-இல் மிலானுக்குப் போய் அங்குள்ள பார்களைப் பார்த்து வந்துதான் அந்த யோசனையே எடுத்தார். அவர்கள் இத்தாலிக்குள் முதல் கடை திறந்தது 2018-இல்தான். 35 வருடம் கழித்து, அதே மிலானில்.

நம்ம கவுண்டரில் விற்பது அந்த அமெரிக்க வழி லாட்டே. எஸ்பிரஸோ அதே 25 மி.லி., பால் 200 மி.லி., மேலே விரல் கனத்துக்குக் கொஞ்சம் நுரை. ஒரு லிட்டரில் ஐந்து கப்தான் வரும். கப்புச்சினோவைப் போல இரண்டு மடங்கு பால்!

லாட்டே மக்கியாத்தோ என்றும் ஒன்று உண்டு. பேர் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்க. அங்கே காபியில் பால் கறை, இங்கே பாலில் காபி கறை. உயரமான கிளாஸில் சூடான பாலும் நுரையும் ஊற்றி, மேலிருந்து எஸ்பிரஸோவை மெதுவாக விட்டால் அடியில் வெள்ளை, நடுவில் பழுப்பு, மேலே நுரை என்று அடுக்காக நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள் போட்டோ எடுப்பதற்காகவே கேட்கிறார்கள். 'மக்கியாத்தோ' என்று மட்டும் கேட்டால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டுவிடுங்க. ஒன்றுக்கு ஸ்பூன் பால், மற்றதுக்குக் கிளாஸ் பால்.

மற்றவை பெரும்பாலும் பாலில்லாத சமாச்சாரம். அதே தூளில் தண்ணீர் குறைவாக இறக்கினால் ரிஸ்ட்ரெட்டோ, அதிகமாக இறக்கினால் லுங்கோ, இரண்டு மடங்கு போட்டால் டோப்பியோ, எஸ்பிரஸோவில் வெந்நீர் கலந்தால் அமெரிக்கானோ. ஃபிளாட் வைட் என்று கேட்பார்கள், அது இத்தாலியே இல்லை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம். கஃபே கொர்ரெத்தோ என்று ஒன்று இருக்கிறது, எஸ்பிரஸோவில் சாராயம் கலப்பது. அது நம்ம மெனுவில் வேண்டாம்!

சரி, கணக்கு. மெஷின் கொண்டுவந்து வைத்தவர்கள் அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். பாதி இங்கிலீஷ், பாதி வேகம். ஆனால் அவர்கள் மேல் பழி போட இங்கே நிற்கவில்லை. திட்ட மதிப்பீடு எழுதியது நாங்கள். கூட்டமைப்பில் கடன் கேட்டபோது அந்தத் தாளில் "ஒரு கப்புக்குப் பால் 100 மி.லி." என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். காபி என்றால் காபிதானே என்று நினைத்துவிட்டோம். 90 கப், 9 லிட்டர். அழகான கணக்கு. தப்பான கணக்கு.

உட்கார்ந்து பார்த்த நாளில் ஒரு நாளைக்கு லாட்டே 40, கப்புச்சினோ 35, எஸ்பிரஸோ 15 என்று போனது. லாட்டேக்கு மட்டும் 8 லிட்டர். கப்புச்சினோ சரியாகப் போட்டிருந்தால் மூன்றரை லிட்டர். எஸ்பிரஸோவுக்குப் பாலே இல்லை. ஆக, ஒரு சொட்டு சிந்தாமல் போட்டாலும் 11.5 லிட்டர் தேவை. 9-இல் நடக்கவே நடக்காது. அந்த இரண்டரை லிட்டர் எங்கள் பேனா செய்த தப்பு.

அடுத்தது, கப்புச்சினோவைப் பெரிய கப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன கப் பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை. கப் நிறையவில்லை என்றால் கொடுக்க மனசு வருமா? நுரை போதாமல் பாலை ஊற்றி நிரப்பினார்கள். 100-க்குப் பதில் 180 மி.லி. 35 கப்புக்கு 2.8 லிட்டர் கூடுதல். கேட்டது கப்புச்சினோ, கையில் போனது லாட்டே. அதில் சில பிள்ளைகள் "ஆன்ட்டி, நுரையே இல்லை" என்று திருப்பிக் கொடுக்க, அதைக் கொட்டிவிட்டு இன்னொன்று. அதில் போனது 700 மி.லி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்க: 2.5, 2.8, 0.7. சரியாக ஆறு லிட்டர். பொருளாளர் அக்கா இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டார்.

நுரை ஏன் வரவில்லை? இது எங்களுக்கே ஆச்சரியம். நாம் பாலை வாங்கினால் முதல் வேலை என்ன? காய்ச்சுவது. அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். அவங்களும் காலையில் வந்ததும் பாக்கெட் பாலை எல்லாம் அடுப்பில் காய்ச்சி, அந்தச் சூட்டோடு மெஷின் குழாயில் பிடித்தார்கள். இந்த நுரைக்குப் பால் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தி வருவதுதான், பிரிட்ஜில் ஒழுங்காக வைத்திருந்தால் போதும். நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்று கீழே வைத்தால் 'ஸ்ஸ்' என்று காற்றை இழுக்கும். பால் கைச்சூடு வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். பிறகு குழாயைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, பால் சுழலும்படி பிடித்தால் பெரிய குமிழ் எல்லாம் உடைந்து தோசை மாவு மாதிரி வழவழப்பாக ஆகும். ஏற்கெனவே சூடான பாலில் இதற்கெல்லாம் நேரமே கிடைக்காது, காற்றை இழுப்பதற்குள் பொங்கிவிடும். ஒரு தடவை சூடாக்கிய பாலை மறுபடி பிடித்தாலும் நுரை நிற்காது. நாம் ஆற்றுகிற காபியின் நுரை பெரிய பெரிய குமிழ், பார்க்க அழகு, சீக்கிரம் அடங்கிவிடும். இது கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழ். இரண்டும் கைவேலைதான், வேறு வேறு கைவேலை.

சூடு விஷயத்தில் மட்டும் இத்தாலிக்காரர்கள் பேச்சை நாங்கள் முழுசாகக் கேட்கவில்லை. அவர்கள் கப்புச்சினோ பாலை 55 டிகிரியில் நிறுத்தச் சொல்கிறார்கள். நம்ம ஆளுங்களுக்கு அது ஆறின காபி. அதனால் 65 வரை போகலாம் என்று முடிவு செய்தோம். 70-ஐத் தாண்டினால் நுரையும் கெடும், பாலில் காய்ச்சின வாசமும் வரும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்து, இனி வைக்க முடியாது என்று எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட 60. தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஆனால் அந்த அக்காவுக்குக் கையே போதும் என்கிறார்.

இடையில் ஒன்று. எஸ்பிரஸோ கறுப்பாக இருப்பதால் 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று பயப்படுகிறீர்கள். ஒரு சொட்டில் பார்த்தால் ஸ்ட்ராங்தான். ஆனால் ஒரு முழுக் கப்பில் உள்ள காஃபின், ஒரு பெரிய கிளாஸ் ட்ரிப் காபியில் இருப்பதைவிடக் குறைவு. அளவு அவ்வளவு சின்னது. கர்ப்பிணிகள் எந்தக் காபியானாலும் குறைத்துக்கொள்வது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு காபியோ டீயோ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மாத்திரையைக் காபியில்தான் விழுங்குவோம் என்று சில பேர் இருக்கிறீர்கள்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்றால், சின்ன கப் பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. கப்புச்சினோ அதில்தான். பால் பிடிக்கிற பாத்திரத்தில் 100-க்கு ஒரு கோடு, 200-க்கு ஒரு கோடு, ஆணியால் கீறி வைத்திருக்கிறது. லாட்டேக்கு மட்டும் 10 ரூபாய் விலை கூட்டினோம், ஏனென்றால் அதில் கூடுதலாகப் போகும் 100 மி.லி. பாலுக்கே 6 ரூபாய் ஆகிறது. பிள்ளைகள் ஒரு நாள் முறைத்தார்கள், மறுநாள் வந்துவிட்டார்கள். எஸ்பிரஸோ கேட்கிறவர்களிடம் "சின்ன கப்பு, பால் இல்லாதது, பரவாயில்லைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போடுகிறார்கள். சென்னையில் எங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் மானம் போயிருக்காது. சாயங்காலம் மிஞ்சின பாலையும் கொட்டின பாலையும் நோட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு நாள் 12 லிட்டருக்கு மேல் போகவில்லை.

திட்டத் தாளில் அந்த ஒரு வரியை அடித்து, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பால் அளவு எழுதி, புதுத் தாள் கொண்டுவந்திருக்கிறோம். பழைய தாளும் கூடவே கோப்பில் இருக்கட்டும், எங்கள் கையெழுத்தோடு. போன கூட்டத் தீர்மான நோட்டில் "பால் கணக்கு விளக்கம் கேட்பது" என்று அந்த ஐந்து பேர் பெயரையும் போட்டு எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, விளக்கம் கிடைத்தது, குறை மதிப்பீட்டில்தான், உறுப்பினர்கள் மேல் இல்லை என்று இன்றைக்கு எழுத வேண்டும். செயலாளர் அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்குச் சிரித்தவர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் கையெழுத்து நாங்கள் போடுகிறோம்.

ஐந்து பேரும் இன்றைக்குப் பிளாஸ்க்கில் கப்புச்சினோ கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம், வந்து சேர்வதற்குள் நுரை அடங்கிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணியிலிருந்து கவுண்டர் திறந்திருக்கும், அங்கேயே வந்து குடியுங்க. வாசல் காவலரிடம் கூட்டமைப்பு பேரைச் சொன்னால் விடுவார்.